வராதவருக்கும் ஒரு சீட்

1. பின்சீட்டில் ஏறுதல்

வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கு அதைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஒருகொடவத்தையில் ஒரு இறக்குமதிக் கம்பனியின் யார்டில் நெடுங்காலம் மெக்கானிக்காக இருந்தேன். கம்பனி மூடப்பட்ட பிறகு, வாகனத்தின் கோளாறுகளைத் திரையில் காட்டும் ஒரு ஸ்கேனரை வாங்கிக்கொண்டு தனியாக இதைத் தொடங்கினேன். இப்போது இந்த வேலைக்கு இளம் ஆட்கள் வருகிறார்கள். என்னைவிட நல்ல ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல்நாள் வேலை கிராண்ட்பாஸ் பக்கம், பாவித்த வாகனங்கள் விற்கும் ஒரு கார் சேலில். பாடசாலை ஆசிரியர் ஒருவர், பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் பழைய ஹைபிரிட் ஒன்றை வாங்க மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தார். நான் பொனற்றைத் திறந்து பார்த்தேன், ஸ்கேனரைப் பூட்டிப் பார்த்தேன். ஓட்டிப் பார்க்கும் நேரம் வந்ததும் பின்சீட்டில் போய் ஏறினேன். கார் சேல் முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு அவர் கேட்டார்:

"என்ன மிஸ்டர், கார் பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? பின்னுக்கு ஏறிக் குந்திட்டீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்சீட்டின் ஓரத்தில் ஒரு சிறிய காற்றுத் துவாரம் இருக்கும். அநேகமான ஹைபிரிட்டுகளில் பெரிய பற்றரி அந்தச் சீட்டுக்குக் கீழே அல்லது பின்னால் இருக்கிறது. அதைக் குளிரவைக்கும் காற்று அந்தத் துவாரத்தால்தான் உள்ளே போகிறது. முன்னால் இருப்பவருக்கு அந்த ஃபேன் சத்தம் கேட்காது. அன்றைக்கு நான் விரலை விட்டுப் பார்த்தபோது துவாரத்துக்குள் ஒரு குழந்தையின் காலுறை அகப்பட்டது. பழைய சொந்தக்காரரின் பிள்ளையுடையதாக இருக்கவேண்டும். காற்றுப் போகாமல் பற்றரி எவ்வளவு காலம் வெந்ததோ தெரியாது. ஆசிரியர் அந்த வாகனத்தை எடுக்கவில்லை. நானா அதற்குப் பிறகு என்னைக் கேலி செய்வதை விட்டுவிட்டார் என்று சொல்லமுடியாது. ஆனால் தன்னிடம் வரும் ஆட்களுக்கு என் நம்பரைக் கொடுக்கத் தொடங்கினார்.

பின்சீட்டில் இருப்பதில் இன்னொரு விசயமும் உண்டு. வாகனம் ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் குடும்பம் என்னை மறந்துவிடும். எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய கல்யாணம், அம்மாவை யார் டாக்டரிடம் கொண்டுபோவது, எல்லாம் கதைப்பார்கள். பிள்ளைகள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிடுவதும் உண்டு. நான் கல்யாணம் செய்யவில்லை. இரண்டு தங்கச்சிமாரையும் வெளிநாட்டுக்குக் கட்டிக் கொடுத்த பிறகு எனக்கென்று பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருக்கிறேன். வாகனம் இல்லை. ஒரு ஆளுக்கு எதற்கு வாகனம்? கொழும்பில் எத்தனையோ குடும்பங்களின் பின்சீட்டில் இருந்திருக்கிறேன். திரும்பி கார் சேலுக்கு வந்ததும் இறங்கிவிடுவேன்.

2. எத்தனை பேர்?

வெள்ளவத்தையிலிருந்து சுதன் என்பவர் அழைத்தார். வங்கியில் வேலை.

"அண்ணை, ஹைபிரிட் ஒண்டு பாத்துத் தரவேணும். இப்ப இருக்கிற சின்னக் கார் காணாது. பெற்றோலுக்கு கியூவில நிண்ட காலத்தை இன்னும் மறக்கேல்லை. மற்றது மூத்தவவுக்கு இழுப்பு. புகை குறைஞ்சதா இருந்தா நல்லம்."

"எங்க கூட ஓடுவியள்?"

"காலி வீதிதான். வீடு, பள்ளிக்கூடம், வேலை."

நின்று நின்று போகிறவர்களுக்குத்தான் ஹைபிரிட் பொருந்தும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நின்றுவிடும், மெதுவாக ஊரும்போது பற்றரியில் ஓடும். அதிவேகப் பாதையில் மட்டும் ஓடுகிறவருக்கு அவ்வளவு மிச்சம் வராது. அதைச் சொன்னேன். பிறகு நான் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

"எத்தனை பேர் போவியள்?"

"நாங்கள் நாலு பேர். பிறக்கப் போற பிள்ளையும் வந்தா அஞ்சு."

போனில் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "என்ர அப்பா?"

"மாமா எப்பவாவதுதானே, தர்சினி."

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "ஏறப் போற எல்லாரும் வரவேணும். எப்பவாவது ஏறுறவையும்தான்."

3. இரண்டு வேண்டுகோள்

நானாவின் யார்டில் இரண்டு ஹைபிரிட்டுகளைத் தெரிவுசெய்து வைத்திருந்தேன். ஒன்று ஐந்து சீட், சின்னது. மற்றது ஏழு சீட். சுதனின் குடும்பம் தங்கள் காரில் வந்தது. தர்சினிக்கு வயிறு பெரிதாகிவிட்டிருந்தது. ஆறு வயது ஆரணி, மூன்று வயதுத் தம்பி. தர்சினியின் அப்பா மகேந்திரன் ஐயா மட்டும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களுக்கு முன்னரே கேற்றடியில் குடையோடு நின்றார். மனைவி இறந்த பிறகு அங்கே ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார் என்று சுதன் சொன்னார்.

ஆரணி நேராகப் புகைக்குழாயடிக்குப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"அங்கிள், இது புகை விடுமா?"

"கொஞ்சம் விடும்."

"அப்ப இது பச்சைக் கார் இல்லையா? எங்கட டீச்சர் சொன்னவ, பச்சைக் கார் புகை விடாது எண்டு."

"இது வெள்ளைக் கார்தானே பிள்ளை," என்றார் மகேந்திரன் ஐயா. "உங்கட டீச்சருக்குக் கண் தெரியாதோ?"

சுதன் பிள்ளைகளின் சீட்டுகளை யார்டில் நின்ற சின்ன ஹைபிரிட்டுக்குள் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஐயா என்னைச் சுவரோரமாகக் கூட்டிப்போனார்.

"தம்பி, ஒரு உதவி. சின்னதுதான் நல்லதெண்டு சொல்லிவிடுங்கோ. பெரிசு எனக்காகப் பாக்கினம். எனக்கு என்ன, பஸ் இருக்கு."

நான் பதில் சொல்லுமுன் நானா கூப்பிட்டார். சாவி வாங்கப் போன இடத்தில் தர்சினி நின்றார்.

"அண்ணை, பெரிசை எடுக்கச் சொல்லுங்கோ. அப்பாவை எங்களோட கூட்டிவந்து வைச்சிருக்கப் போறன். சும்மா கேட்டா வரமாட்டார். இடமில்லை, கரைச்சல் எண்டுவார். சீட் இருந்தா அதைச் சொல்லேலாதுதானே."

இருவரும் அன்பாகத்தான் பொய் சொல்லக் கேட்டார்கள். நான் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சின்னக் காரை முதலில் எடுத்தோம். சுதன் ஓட்டினார், தர்சினி முன்னால். பின்னால் இரண்டு பிள்ளைச் சீட்டுகளுக்கும் நடுவில் ஒரு தோளைச் சரித்துக்கொண்டு நான். காற்றுத் துவாரம் சுத்தம், ஃபேன் சத்தம் சீர். ஐயா ஏறவில்லை. "நீங்கள் போட்டு வாங்கோ, நான் நிக்கிறன்," என்றார். வாகனம் பற்றரியில் புறப்பட்டபடியால் சத்தமே இல்லை. அவர் நானாவோடு கதைத்துக்கொண்டு நின்றார். அவர் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் கேற்றைத் தாண்டிவிட்டோம். கையை உயர்த்தினார். அதைக் கண்டது பின்சீட்டில் இருந்த நான் மட்டும்தான். அந்தக் காரில் மிஞ்சியிருந்த ஒரேயொரு இடத்தில் நான் இருந்தேன்.

பெரியதை ஓட்டுமுன் ஸ்கேன் செய்தேன். ஹைபிரிட் பற்றரி என்பது பல சின்னப் பற்றரிகள் சேர்ந்தது. ஒன்றிரண்டு களைத்துவிட்டால் மற்றவை அவற்றின் சுமையையும் இழுக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. திரையில் தெரியும்.

"இதின்ர பற்றரி களைச்சுப்போச்சு," என்றேன். "கொஞ்சக் காலம் ஓடும். பிறகு மாத்தவேணும். சின்னது நல்ல நிலையில இருக்கு."

"எனத்த மிஸ்டர் சொல்ற?" என்றார் நானா. "இவ்வளவு நாளும் நல்லாத்தானே ஈக்கி!"

தர்சினி என்னைப் பார்க்கவில்லை. ஐயாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியே பிள்ளை, தம்பியே சொல்லிப்போட்டார். சின்னதை எடுங்கோ." குடையை எடுத்துக் கையில் மாட்டினார். "சரி, நான் போறன்."

4. ஒரு சொல்

எங்கள் ஆட்கள் வாசலை விட்டு இறங்கும்போது 'போறன்' என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும், போய்விட்டு வருகிறேன் என்ற அர்த்தத்தில் 'போட்டு வாறன்' என்றுதான் சொல்வார்கள். செத்த வீட்டில் மட்டும்தான் 'வாறன்' என்று சொல்லாமல் இறங்குவது.

"என்னப்பா சொன்னனீங்கள்?" என்றார் தர்சினி.

"போறன் எண்டன்."

"போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

அவர் சிரித்தபடியே சொன்னார். பகிடியாகச் சொல்ல நினைத்திருக்கவேண்டும். "நான் இனி எங்க பிள்ளை வாறது?"

தர்சினி ஒரு கையைக் காரில் ஊன்றிக்கொண்டார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த நானா மெல்லுவதை நிறுத்தினார். சுதன் அதுவரை தன் போனில் ஒரு லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"அண்ணை, பற்றரி மாத்தினா இந்த வாகனம் சரியா?"

"சரி. மற்றதெல்லாம் நல்லம். பற்றரியைப் பிறகும் மாத்தலாம். சீட்டைப் பிறகு பூட்டேலாது."

"மாமா, ஏறுங்கோ."

"இல்லை தம்பி, உங்களுக்கு வீண் செலவு…"

"ஏறுங்கோ மாமா. ஏறிப் பாத்திட்டுப் பிறகு வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

ஐயா கடைசி வரிசைக்கு ஏறப் பார்த்தார். முழங்கால் மடியவில்லை. நடுச்சீட்டை மடித்தால்தான் அங்கே போகலாம். நடுச்சீட்டில் பிள்ளைச் சீட் பூட்டினால் மடிக்கமுடியாது. ஏழு சீட் என்று எழுதியிருந்தால் ஏழு பெரியவர்கள் போகலாம் என்று நினைக்கவேண்டாம். கடைசி வரிசை பிள்ளைகளுக்கும் பைகளுக்கும்தான். ஐயா இறங்கி, "பாத்தியளே?" என்றார்.

"நான் பின்னுக்கு!" என்று ஆரணி கத்தினாள். ஒருவரும் ஓம் என்று சொல்லுமுன் சீட்டுக்கு மேலால் ஏறிப் போய்விட்டாள்.

ஐயாவைக் கதவோரத்தில் இருத்தினோம். அவருக்குப் பக்கத்தில் சின்னவன். அவனுக்குப் பக்கத்து இடம் பிறக்கப் போகிற பிள்ளைக்கு. அந்த வகை வாகனத்தில் பற்றரி முன்னால் இருந்தபடியால் எனக்குப் பின்னால் வேலை இல்லை. ஆனால் பின்னால்தான் போய் ஆரணிக்குப் பக்கத்தில் முழங்காலை நெஞ்சுவரை மடித்துக்கொண்டு இருந்தேன். மட்டக்குளி வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் ஐயா சுதனுக்குப் பாதை சொல்லிக்கொண்டே வந்தார். இடப்பக்கம் எடுங்கோ, உதில பஸ் நிப்பாட்டுவான், ஹோர்ன் அடியுங்கோ. சுதன் ஒவ்வொன்றுக்கும் "ஓம் மாமா" என்றார்.

யார்டுக்கு வந்து இறங்கியதும் நானாவும் சுதனும் பற்றரிக்காகச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் பாதியை நானா ஏற்றுக்கொண்டார். "அந்த மனுசனுக்காகத்தான் தாறன், உங்கட பேங்குக்காக இல்ல," என்றார். பற்றரி மாற்றிய பிறகு வாகனத்தை எடுப்பதாகப் பேச்சு.

அவர்கள் தங்கள் பழைய காரில் நெருங்கி ஏறினார்கள். ஐயாவை முதலில் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய், உடுப்பெல்லாம் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போவதாம். ஐயா இன்னும் ஏதோ மறுத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் குடை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. தர்சினி கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணை, நீங்களும் கொட்டாஞ்சேனைதானே? இதில இடமில்லையே."

"பரவாயில்லை பிள்ளை. பஸ் இருக்கு. நான் போறன்," என்றேன்.

தர்சினி தலையாட்டிக் கண்ணாடியை ஏற்றினார். கார் போனது. பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. பக்கத்துச் சீட்டில் ஒருவரும் இல்லை.

5. வேலைக்கு வருகிறவர்களுக்கு

பற்றரி பார்க்கும் முறை, துவாரம் பார்க்கும் முறை எல்லாவற்றையும் நீங்கள் எங்கேயும் படித்துக்கொள்ளலாம். இதை மட்டும் நான் சொல்லவேண்டியிருக்கிறது. ஸ்கேனர் காட்டுவதை உள்ளபடியே சொல்லுங்கள். யார் கெஞ்சினாலும் மாற்றவேண்டாம். ஆனால் அதோடு நிறுத்தவும் வேண்டாம். எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர்கள் ஒரு எண்ணிக்கை சொல்வார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவர் தள்ளி நின்றுகொண்டு, எனக்கு பஸ் இருக்கு, நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ என்பார். அவரையும் ஏற்றி இருத்தி, கதவு பூட்டுகிறதா என்று பார்த்த பிறகு உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.