மறையாத சூரியனும் பிரதோஷ விரதமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே தயங்கினேன். சாமி காரியத்தில் குறை சொல்கிறேன் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

எங்கள் ஊரான அடுகோடியிலிருந்து நானும் என் கணவரும் ஒரு குழுவோடு நார்வே போனோம். அந்த நாட்டின் வடக்கே போய்ச் சேர்ந்த அன்று பிரதோஷம். சூரியன் மறைந்த பிறகே சாப்பிடுவது எங்கள் வழக்கம். அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை என்று எங்களுக்குத் தெரியாது. எங்களை அழைத்துப்போன வழிகாட்டிக்குத் தெரியும். அவருக்கு நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய சாஸ்திரம்.

"வெயில் அடிக்கும்போது விரதம் முடிச்சா சாமி குத்தமாயிடும்மா" என்றார்.

"இவருக்கு சர்க்கரை இருக்கு சார்."

"அதெல்லாம் சாமி பாத்துக்குவார்."

சொல்லிவிட்டு பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். கேட்டதற்கு, "எனக்கு கேஸ்ட்ரிக்மா, ஆண்டவன் மன்னிப்பான்" என்றார். அவருடைய ஆண்டவன் அவரை மட்டும் மன்னிப்பவன் போலிருக்கிறது.

இரவுச் சாப்பாட்டு வேளை வந்தும் வெயில் போகவில்லை. என் கணவர் சர்க்கரை இறங்கி வேர்த்து, கை நடுங்கி, என் தோளில் சாய்ந்தார். பதறிப்போய் வீட்டுக்கு போன் போட்டு மருமகளிடம், "அங்க விளக்கு ஏத்தியாச்சா?" என்றேன்.

"ஏத்தி, சாப்பிட்டு, தூங்கியே போனோம் அத்தை."

எங்கள் சிவன் இருக்கும் வீட்டில் பொழுது சாய்ந்துவிட்டது. எனக்கு அது போதும். தண்ணீரில் சர்க்கரை கரைத்து அவரைக் குடிக்க வைத்தேன். அவருக்குக் கண் தெளிந்தது.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் வீட்டு விளக்குதான் எங்களுக்குப் பொழுது. நெற்றியைப் பார்த்து யாரையும் நம்புவதில்லை. பயணம் கிளம்புகிறவர்களிடம் இதை உள்ளபடியே சொல்லுங்கள், அந்தப் புளியோதரையையும் விட்டுவிடாமல்.