சட்டியின் அடியில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி

என் அப்பாவை ஏமாற்றுக்காரர் என்று வேறு யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. இடுப்பில் குடம் வைத்து ஐந்து வருஷம் தண்ணீர் சுமந்து வாங்கிய உரிமை அது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் கேழ்வரகும் நிலக்கடலையும்தான் விளைச்சல். மாந்தோப்பு வைப்பது பெரிய பண்ணைக்காரர்களின் காரியம். அப்பா மைசூர்ச் சீமையில் ஒரு தோட்டத்தில் இரண்டு வருஷம் கூலி வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வரும்போது கொண்டுவந்தது கொஞ்சம் கன்னடமும் ஒரு கைத்தொழிலும். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதுதான் அந்தத் தொழில்.

'தாயைப் போல பிள்ளை' என்கிற பழமொழி மனுஷருக்குச் சரி, மாமரத்துக்குச் செல்லாது. தேனாக இனிக்கிற பழத்தின் கொட்டையை நட்டாலும் முளைத்து வருவது புளிக்கலாம். அதனால் கொட்டையில் முளைத்த கன்றைச் சட்டியோடு தூக்கி நல்ல மரத்தின் கிளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கன்றின் தண்டிலும் கிளையிலும் ஒரே அளவுக்குத் தோலைச் சீவி, இரண்டையும் சேர்த்து வாழை நாரால் கட்ட வேண்டும். மூன்று மாதம் போனால் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்புறம் கிளையை மரத்திலிருந்து அறுத்துவிட்டால் ஒட்டுச் செடி தயார். மரத்தைச் சுற்றிப் பரண் கட்டி, அதன்மேல் சட்டிகளை வரிசையாக அடுக்கி, தினமும் ஏறி இறங்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கட்டுவது நான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அண்ணனுக்கு விரல் தடிமன், அவன் கட்டினால் பாதி பிடிக்காது. என் கட்டு ஒன்றுகூடத் தவறியதில்லை. "என் பொண்ணு கையி ராசியான கையி" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ராசியான கையாம்! அந்த ராசி யாரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு மல்கோவா மரம். அதன் பழத்தைத் தின்றவன் அடுத்த வருஷமும் தேடி வருவான். முதல் வருஷம் முப்பது செடி கட்டினோம். கூடையில் வைத்து அப்பா தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோனார். இரண்டாம் வருஷம் ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். மூன்றாம் வருஷம் அப்பா மாட்டு வண்டி வாங்கினார், வாசலில் தகரத்தில் எழுதிய பலகை தொங்கியது. அம்மா புதுப் புடவை கட்டினாள். போச்சம்பள்ளியிலிருந்து வந்தார்கள், ஓசூரிலிருந்து வந்தார்கள், ஆனேக்கல்லிலிருந்து கன்னடம் பேசிக்கொண்டு வந்தார்கள். தெலுங்குக்காரர் வந்தால் அப்பா தெலுங்கிலேயே பேசி உட்காரவைப்பார். எல்லோருக்கும் மல்கோவாதான் வேண்டும்.

மரம் ஒன்றுதானே? அதில் எத்தனை கிளை இருக்கும்? ஆசைக்கு ஏது அளவு!

வாய்க்கால் ஓரத்தில் இன்னொரு மரம் இருந்தது. எங்கள் மல்கோவாவின் கொட்டை எப்போதோ உருண்டு போய் விழுந்து தானாக முளைத்தது. அதே இலை, அதே பட்டை. பழம் மட்டும் நாரும் புளிப்புமாக இருக்கும், வாயில் வைத்தால் காது வரைக்கும் கூசும். அண்ணன்தான் முதலில் சொன்னான்.

"அதுலயும் கட்டலாம்ப்பா. எலையைப் பாத்து எவன் கண்டுபுடிப்பான்? காய்க்கவே அஞ்சு வருசம் ஆவும்."

அப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் வாய்க்கால் பக்கம் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "உள்ளூர்க்காரனுக்கு அதைக் குடுத்தா நாக்கு அழுவிப் போவும். பக்கத்து ஊருக்காரன் மூஞ்சியிலயும் நாளைக்கு முழிக்கணும். வெளியூருக்குப் போறதுக்கு மட்டும் வாய்க்கா மரத்துல கட்டு" என்றார். அவர் நியாயத்துக்கு அவ்வளவு நீளம்தான், வண்டி ஒரு பகலில் போய்த் திரும்பும் தூரம்.

இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு ஏற்பாடும் செய்தார். வாய்க்கால் மரத்தில் ஏற்றும் சட்டிகளுக்கெல்லாம் அடியில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி. அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து விரலால் வைப்பேன். புள்ளி வைத்தது நான்தான், கட்டியதும் நான்தான். அப்போது எனக்கு அதில் குற்றம் எதுவும் தெரியவில்லை. ஏமாந்த வெளியூர்க்காரர்களின் மூஞ்சியை நினைத்து அண்ணனோடு சேர்ந்து சிரிக்கக்கூடச் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

பதினைந்து வயதில் என்னை ஊத்தங்கரைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். வானம் பார்த்த பூமி. மாமனார் நல்ல மனுஷர். பெண் பார்க்க வந்தபோதே, "நகைநட்டு ஒண்ணும் வேணாமுங்க. நாப்பது மல்கோவா ஒட்டு குடுங்க, அது போதும். ரெண்டு ஏக்கராவுல வெச்சிக்கிறோம்" என்றார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணம் முடிந்து ஆடியில் மழை விழுந்ததும் அண்ணன் வண்டியில் நாற்பது செடி வந்து இறங்கியது.

செடியை நடும்போது சட்டியை உடைத்துத்தான் நட வேண்டும். என் புருஷன் குழியருகே உட்கார்ந்து கல்லால் தட்டித் தட்டி உடைத்தார். நான் ஓடுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது சட்டியின் அடி ஓடு கவிழ்ந்து கிடந்தது. அதில் என் விரல் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

முதல் இரண்டு சட்டியின் ஓடுகளைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தது. நாற்பதிலும் இருந்தது. பெற்ற மகளுக்கு எந்த அப்பனாவது இப்படிச் செய்வானா? ஒட்டுப் பிடிக்காமல் போன பழைய சட்டியில் நல்ல செடியை மாற்றி வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கட்டு ஒன்றுகூடத் தவறியதில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் சொல்லிக்கொண்டேன். ஓடுகளையெல்லாம் கொண்டுபோய்ப் பாழுங்கிணற்றில் கொட்டினேன். "காலுல குத்திடப் போவுதுன்னு ஒண்ணு விடாம பொறுக்கியிருக்கா பாரு, பொறுப்பான பொண்ணு" என்று மாமியார் மெச்சினாள்.

அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த நிலத்தில் ஒரு வருஷக் கடலை விளைச்சல் போன நஷ்டத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வந்து மூன்று மாதம்கூட ஆகாத மருமகள், 'எங்கப்பா உங்களை ஏமாற்றிவிட்டார்' என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் கையோடு வண்டியேற்றி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அந்த நாளை வரவே இல்லை.

கோடையில் கிணறு இறங்கிப் போகும். மாமியார் ஒரு குடம், நான் ஒரு குடம், புருஷன் தோளில் காவடி. ஒரு செடி வாடினால் மாமனாருக்குச் சோறு இறங்காது. வெள்ளாடு வாய்வைக்காமல் இருக்க முள்வேலி போட்டார், கை காலெல்லாம் கிழிந்து நின்றார். இரண்டாம் கோடையில் மாமியாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அப்புறம் அவள் நிமிரவே இல்லை. வழியில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "எம்மருமவ கொண்டாந்த தோப்பு" என்று மாமனார் காட்டுவார். நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். அவர்கள் அதை வெட்கம் என்று நினைத்தார்கள்.

ஐந்தாம் வருஷம் ஒரே ஒரு மரம் காய்த்தது. ஏழு காய். மாமனார் அவற்றை வைக்கோலில் பழுக்க வைத்து, ஒன்றை மாரியம்மனுக்குப் படைத்துவிட்டு, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து அறுத்தார். முதல் துண்டை என்னிடம்தான் நீட்டினார். எனக்குக் கை வரவில்லை. அதை அவரே தன் வாயில் போட்டுக்கொண்டார்.

முகம் சுளிக்காமல் மென்று விழுங்கினார், பாவி மனுஷன். புருஷன் துப்பினார். மாமியார் யாரையும் பார்க்கவில்லை.

"ஒரு மரம் தவறிப் போறது சகஜந்தான்" என்றார் மாமனார். "மிச்சம் முப்பத்தொம்பது இருக்குதே. அடுத்த வருசம் பாரு."

இன்னும் ஒரு வருஷமா? "இல்ல மாமா. எல்லாமே இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். நிதானமாகக் கேட்டார்: "காய்ச்சது ஒண்ணு. எல்லாமேன்னு உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. மறுநாள் விடிந்ததும் புருஷன் வண்டியைப் பூட்டினார். "உங்கப்பன்கிட்டப் போயி நல்ல செடி நாப்பது கொண்டா. இல்லன்னா அங்கேயே இருந்துக்கோ" என்றார். பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவரை வண்டியோட்டத் துணைக்கு அனுப்பினார்.

அப்பாவின் வீட்டை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கூரை போய் ஓடு வந்திருந்தது. தகரப் பலகை போய் இரண்டு ஆள் நீளத்துக்கு மரப்பலகை வந்திருந்தது, தமிழில் ஒரு வரி, கன்னடத்தில் ஒரு வரி. கட்டுவதற்கே பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மைசூர்ப் பக்கத்து ஆசாமி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். சண்டை போடத்தான் போனேன், அழுகைதான் வந்தது. "எனக்கே ஏம்ப்பா?"

அவர் எதையும் மறைக்கப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. "உங்கண்ணன் ஏத்துனாம்மா. வெளியூர் வண்டின்னா அந்தப் பக்கத்துச் செடியத்தான ஏத்துவோம்" என்றார். கணக்கில் நானும் வெளியூர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வஞ்சகம் எதுவும் இல்லை. பிறகு என் தலையைத் தொட்டு, "அழாத. நாப்பது என்னா, அம்பதா ஏத்திட்டுப் போ" என்றார்.

வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். நான் முதல் சட்டியை வாங்கிக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். புள்ளி இல்லை. அடுத்ததிலும் இல்லை. எத்தனை வருஷத்துக்கு அப்புறமோ எனக்கு மூச்சு சீராக வந்தது. பத்துப் பன்னிரண்டு சட்டி ஏறியிருக்கும். அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் வெயில் தரையில் அடிப்பதைக் கவனித்தேன். அங்கே எப்போதும் நிழல்தான் இருக்கும்.

"மல்கோவா மரம் எங்கம்மா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அது பட்டுப் போயி ரெண்டு வருசமாச்சேம்மா. ஓயாம கெளை அறுத்தா எந்த மரம் தாங்கும்?"

"அப்ப இதெல்லாம்?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இப்பல்லாம் புள்ளி வெக்கிறதில்லம்மா" என்றார்.

ஏற்றிய செடியையெல்லாம் நானே இறக்கினேன். ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. மோர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், "வாங்காதீங்க சாமி. எல்லாம் புளிப்பு. ஹுளி, ஹுளி" என்று அவர் பாஷையிலும் சொன்னேன். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தான். அந்த ஆள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். பிறந்த வீட்டில் ஏதோ கோபித்துக்கொண்டு வந்த பெண் என்று நினைத்திருப்பார். நாங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் அந்த ஆளுடைய வண்டியில் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை வெறும் வண்டியோடு ஊர் வந்து சேர்ந்தேன். புருஷன் தோப்பில் நின்றவர் வண்டியைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமனார்தான் எதிரே வந்தார்.

"செடி?"

"கொண்டாரல மாமா. அதுவும் எல்லாம் புளிப்பு."

அவர் மாட்டை அவிழ்த்துக் கட்டினார். தொட்டியில் தண்ணீர் ஊற்றினார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"போவுது, உள்ள போயி கஞ்சி குடி. இந்தத் தடவை சொல்றதுக்கு அஞ்சு வருசம் ஆவல."