பேஸ் கேக்குதுங்களா?

தடித்த கம்பியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பஞ்சநாதன் ஓடுகிறார். கச்சேரிக்கென்று தைத்த பெல்பாட்டத்தை முழங்கால்வரை சுருட்டிவிட்டிருக்கிறார். விரித்துப் போட்ட ஜமுக்காளத்தையும், இன்னும் வரிசைக்கு வராத மடக்கு நாற்காலிகளையும் தாண்டி, சோடாக் கடைக்கும் அப்பால் போய், பந்தலின் கடைசிக் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக் காது கொடுக்கிறார். தான் தட்டிய சத்தம் அங்கே வந்து சேர்ந்ததா என்று பார்க்கத்தான் இந்த ஓட்டம். பெரும்பாலும் ஆள் போய்ச் சேர்வதற்குள் சத்தம் செத்துப்போயிருக்கும். சில ஊர்களில் மட்டும், பெட்டிமேல் சாய்ந்த கிட்டார் தானாகவே ‘ம்ம்ம்’ என்று உறுமத் தொடங்கி, நிற்காமல் பெருகிக்கொண்டே போகும். “பாத்தீங்களா, கேக்குது!” என்று சோடாக்காரரின் தோளைப் பிடித்து உலுக்குவார். மைக் செட் தாவூது ஓடிவந்து சுவிட்சை அணைத்து, “அது நீங்க வாசிச்சது இல்லீங்க, பஞ்சநாதன். பொட்டி ஊளையிடுது” என்று சொல்லும்வரைக்கும் அந்தச் சந்தோஷம் தாங்கும்.

காரைக்கால் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே மேடை போட்டாலும், ‘நித்திலம் இன்னிசைக் குழு’வில் டிரம்ஸுக்கும் பந்தல் காலுக்கும் நடுவே ஒல்லியாக ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாரே, அவர்தான். வயது நாற்பதை நெருங்குகிறது. பகலில் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அங்கே அவரைப் புடவைப் பக்கம் விடுவதில்லை. கம்பியை அழுத்தி அழுத்தி இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போய்விட்டதால், நைலக்ஸ் புடவையை அவர் விரித்துக் காட்டினால் நூல் பிரிந்து விரலோடு வந்துவிடுகிறது. முதலாளி கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேட்டி, துண்டு, போர்வை விற்கிற பக்கத்துக்கு மாற்றிவிட்டார். போர்வைக்கு அந்தக் கை ஒன்றும் செய்வதில்லை.

கிட்டார் பாரீஸிலிருந்து வந்தது. காரைக்காலில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்குகிற வீடு தெருவுக்கு ஒன்று தேறும். அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை விடுமுறைக்கு வந்துவிட்டு, திரும்பும்போது தூக்கிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, பக்கத்து வீட்டுப் பஞ்சநாதனிடம் கொடுத்துவிட்டுப் போனான். பார்த்தால் நாலே கம்பி. கிட்டாருக்கு ஆறு கம்பி என்பது ஊருக்கே தெரியும். இரண்டு அறுந்துவிட்டது என்று முடிவுகட்டிய பஞ்சநாதன், ஒரு வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு கம்பிக்காக அலைந்தார். நாகப்பட்டினம், மாயவரம், தஞ்சாவூர் என்று வாத்தியக் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு கடைக்காரர்தான் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது முழுசாத்தாங்க இருக்கு. கம்பிய முறுக்குற ஆணியே நாலுதானே வச்சிருக்கான்? கீழ் ஸ்வரத்துக்குன்னே செய்யற பேஸ் கிட்டாருங்க இது.” என்றார். அதுவரை அதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றவே இல்லை. “ஆறுன்னு மனசுல ஏறிட்டா, அப்பறம் கண்ணு எங்கேங்க எண்ணும்?” என்பார்.

வாத்தியம் கிடைத்துவிட்டது, அது வாய் திறக்க வழி வேண்டுமே. அதற்குத் தாவூது வந்தார். ரேடியோ ரிப்பேர் கடையும் மைக் செட்டும் வைத்திருப்பவர். இழுத்து மூடிய டூரிங் டாக்கீஸ் ஒன்றிலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, துபாயிலிருந்து யாருக்கோ சாமான் வந்த பலகைப் பெட்டிக்குள் பொருத்தி, பல்பு மாதிரி எரிகிற வால்வுகள் போட்ட ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் கட்டிக் கொடுத்தார். குழுவில் எல்லோரும் அதைப் ‘பீரோ’ என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே பஞ்சு அடைத்தால் சத்தம் கெட்டிப்படும் என்று எவரோ ஓதிவிட்டதில், வீட்டுத் தலையணைகள் இரண்டும் பெட்டிக்குள் போயின. “தல வைக்கத் தலகாணி இல்ல, பொட்டிக்கு மெத்தை கேக்குதா?” என்று மனைவி அல்லி சண்டைக்கு வர, அல்லிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என்று பாகம் பிரித்தார். எது நன்றாக இருந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. “ரெண்டு இருக்கையில ஒண்ணு போதும்னு தோணுச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்கு, ரெண்டு இருந்தாத் தேவலன்னு தோணுதுங்க.”

ஊருக்கு ஊர் அந்தப் பெட்டி வேறு பெட்டியாகிவிடுகிறது என்பது அவருடைய தீராத குழப்பம். பலகை மேடையில் வைத்தால் மேடையே உறுமுகிறது. தகரக் கொட்டகையில் கூரை கிடுகிடுக்கிறது. நெடுங்காட்டில் அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் பரப்பி மேடை போட்டார்கள். வாசித்ததையெல்லாம் வைக்கோல் குடித்துவிட்டது. மறுவருஷம் அதே நெடுங்காடு, அதே வயல். ஆற்றில் தண்ணீர் வராததால் ஊரில் உள்ள மோட்டார்களெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, மின்சாரம் இறங்கி, வால்வுகள் மங்கி எரிந்தன. அன்றைக்குப் பார்த்து அந்தப் பெட்டியிலிருந்து தேன் மாதிரி ஒரு சத்தம் வந்தது! அதிலிருந்து அவர் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் விசாரிப்பது, “இங்க கரண்டு கொறைவா வருங்களா?” என்பதுதான். ‘நல்லா வரும்’ என்று பெருமையாகச் சொல்கிற ஊர்க்காரர்கள், இவர் முகம் வாடுவதைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள்.

ஆம்ப்ளிஃபையரில் ‘டோன்’ என்று ஒரு குமிழ் இருக்கிறது. நல்ல சத்தம் கிடைத்த இடத்தில் அல்லியின் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அடுத்த கச்சேரியில் அந்தப் புள்ளி உதவாது; இன்னோர் இடத்தில் இன்னொரு புள்ளி விழும். இப்போது குமிழைச் சுற்றி ஒரு முழு வட்டம் சிவப்பாக இருக்கிறது. எங்கே திருப்பினாலும் என்றைக்கோ நன்றாக இருந்த இடம்தான். கம்பிகளும் அப்படியே. கடற்காற்றில் துரு ஏறி மங்கிவிட்டால், கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் புதுசுபோலப் பேசும் என்று அந்தப் பாரீஸ் பிள்ளை சொல்லிவிட்டுப் போயிருந்தான். ரசம் வைக்கிற பாத்திரத்தில் கம்பி கொதிக்கிற நாளில் அல்லி அடுப்படிப் பக்கமே போகமாட்டாள். கொதித்து வந்த கம்பி கணீரென்று பேசும். பேசியதும் இவருக்கு, பழைய மங்கல்தான் நன்றாக இருந்ததோ என்று சந்தேகம் வந்துவிடும்.

மேடையில் யாரைக் கேட்டுத் தெளிவது? டிரம்ஸ் வாசிக்கும் நீலகண்டன் வாசித்துக்கொண்டே இந்தப் பக்கம் சாய்ந்து, “பேஸ் கேக்கலண்ணே, கொஞ்சம் ஏத்துங்க” என்பார். அதே பாட்டில், அதே நேரத்தில், பாடகி ஞானசௌந்தரி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “அண்ணே, வயித்தக் கலக்குது, கொறைங்கண்ணே” என்பார். இரண்டு பேர் சொல்வதையும் மதித்து, சத்தக் குமிழை ஏற்றி இறக்கி, இறக்கி ஏற்றுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். கூட்டத்தில் போய் “பேஸ் கேக்குதுங்களா?” என்று கேட்டால், “மைக்ல ஏதோ கொர்ருனு சத்தம் வருது, அதத்தான சொல்றீங்க?” என்பார்கள். தாவூதின் கூம்புக் குழாய்களோ இவருக்கு உதவுவதே இல்லை. எல்லை தாண்டித் தமிழ்நாட்டு ஊர்வரைக்கும் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான் விழா நடத்துகிறவர்களுக்குக் கௌரவம். அதற்காகத் தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டுகிற கூம்புகளில் குரல் பறக்கும், வயலின் பறக்கும், கீழ் ஸ்வரம் மட்டும் ஏறாது. ஆக, பஞ்சநாதனின் வாசிப்பு அந்தப் பீரோவிலிருந்து எவ்வளவு தூரம் நடக்குமோ அவ்வளவுதான்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். வேன் குறுக்கே வந்தது. குழுவை நடத்துகிற சோமசேகரன் பள்ளியில் டிராயிங் மாஸ்டர், ஆர்மோனியம் வாசிப்பவர். நல்ல மனுஷர், ஆனால் பத்துப் பேர் குழுவை ஒரு வாடகை வேனில் அடைத்துக்கொண்டு போகிறவர். பாங்கோஸ் என்கிற இரட்டைக் கைமுரசு வாசிக்கிற ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை.

“தப்பா எடுத்துக்காதீங்க, பஞ்சநாதன்” என்று ஆரம்பித்தார். “ஒங்க பொட்டி வேன்ல ரெண்டு ஆளு எடத்த அடைக்குது. கூம்புல பேஸ் வரலேன்னு தாவூதே சொல்றாரு. ஒண்ணு செய்வோம். காரைக்கால்மேட்டுக் கச்சேரியில, நடுவுல வர்ற அந்த வேகப் பாட்டுக்கு நீங்க வாசிக்காம சும்மா நில்லுங்க. கூட்டத்துல ஒரே ஒரு ஆளு, ‘என்ன ஆச்சு’ன்னு கேட்டாப் போதும். பொட்டியும் நீங்களும் எப்பவும் வருவீங்க. நான் பேசமாட்டேன். யாருமே கேக்கலேன்னா நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க.”

“சரிங்க சார்” என்று மட்டும் சொன்னார் பஞ்சநாதன். வீட்டுக்கு வந்து அல்லியிடம் கூடச் சொல்லவில்லை. குழுவிலிருந்து போய்விடுவோமே என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், இத்தனை வருஷமும் மேடையில் ஊமையாகத்தான் நின்றோமோ என்பது. பந்தலின் கடைசிக் கால்வரை ஓடி ஓடி அவர் கேட்க முயன்ற அதே கேள்விதான். ஆனால் இந்தத் தடவை விடை நிச்சயமாக வந்துவிடும்.

கடலோர மீனவர் ஊரான காரைக்கால்மேட்டில் அம்மன் கோயில் திருவிழா. எண்ணெய்ப் பீப்பாய்களின்மேல் பலகை பரப்பிய மேடை. அதில் ஆட்களுக்கே இடம் பற்றாததால் பீரோவைக் கீழே மணலில், பெண்கள் உட்காரும் பக்கமாக இறக்கி வைத்தார்கள். பஞ்சநாதன் வழக்கம்போலத் தட்டிவிட்டு ஓடிப் பார்த்தார். பந்தலின் கடைசியில் அலைச் சத்தம்தான் கேட்டது. வெயில் தாழ்ந்ததும் கச்சேரி தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, என்றைக்கும் இல்லாத கவனத்தோடு வாசித்தார். வேகப் பாட்டு வந்தது. சோமசேகரன் திரும்பித் தலையசைத்தார். பஞ்சநாதன் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்திவிட்டு நின்றார்.

பாட்டு ஓடியது. ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. முன்வரிசையில் கைதட்டித் தாளம் போட்டார்கள். பல்லவி முடிந்தது, சரணம் பிடித்தது. அப்போது நீலகண்டன் இந்தப் பக்கம் சாய்ந்தார். அவருக்கு ஏற்பாடு எதுவும் தெரியாது. “இன்னிக்குத்தாண்ணே பேஸ் அளவா இருக்கு!” என்று சிரித்துவிட்டு மறுபடியும் டிரம்ஸில் இறங்கிவிட்டார். இத்தனை நாள் கூட நின்ற ஆளுக்கே தெரியவில்லையென்றால் வேறு யாருக்குத் தெரியப்போகிறது? தோளிலிருந்து கிட்டார் வாரைக் கழற்றிவிடலாமா என்று நினைத்தார் பஞ்சநாதன்.

இரண்டாம் சரணத்தில் எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. அது வீரிடுவதற்குள் இன்னொன்று ஆரம்பித்தது. பிறகு ஒன்றைப் பார்த்து ஒன்று, கூட்டமாக ஓலம். பஞ்சநாதன் கண்ணைத் திறந்தார். பீரோவை ஒட்டி மணலில் ஒரு பழைய பாய்மரத் துணியை விரித்து, ஊர்ப் பெண்கள் கைக்குழந்தைகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அத்தனையும் எழுந்து அழுகின்றன! அந்த அழுகை ஞானசௌந்தரியின் மைக்கில் ஏறி, தென்னை மரத்துக் கூம்புகள் வழியாக எல்லை தாண்டியே போயிருக்க வேண்டும். இவர் வாசிப்பை ஒருநாளும் ஏற்றிக்கொள்ளாத கூம்புகள் அதை மட்டும் அத்தனை சுத்தமாக ஏற்றிக்கொண்டன. ஞானசௌந்தரிக்குச் சிரிப்பு வந்து பாட்டு நின்றுவிட்டது.

கூட்டத்திலிருந்து காசியம்மா என்கிற மீன்கார அம்மாள் எழுந்தார். இடுப்பில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்க, மீன் ஏலத்தில் பேசிப் பழகிய குரலில், “யாருய்யா அது, இந்தப் பொட்டிய நிறுத்துனது? என்ன ஆச்சு அதுக்கு? இத்தினி நேரம் புள்ளைங்க அடங்கிக் கெடந்துச்சுங்கள்ல?” என்றார்.

சோமசேகரன் மைக்கைப் பிடித்து, “ஏம்மா, பொட்டியிலேருந்து வந்த வாசிப்பு ஒங்களுக்குக் கேட்டுச்சா?” என்றார்.

“வாசிப்பா? அதெல்லாம் எனக்கென்னங்க தெரியும்! தரையோட தரையாத் திம்முதிம்முன்னு என்னமோ வந்துச்சு. புள்ளையப் போட்டதும் தூங்கிடுச்சு. மொதல்ல அதப் போடச் சொல்லுங்க!”

குழு முழுவதும் சிரித்தது. பஞ்சநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. நீலகண்டன் பக்கம் குனிந்து, “இது நல்லதாச் சொல்றாங்களா, கெட்டதாவா?” என்று கேட்டார். நீலகண்டன் சிரித்துக்கொண்டே டிரம்ஸ் குச்சியால் குழந்தைகள் பக்கம் காட்டினார். கடைசி வரிசை எழுந்து உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் பஞ்சநாதன் தலையணையைப் பெட்டிக்குள் அடைத்தார், கம்பியைக் கொதிக்க வைத்தார். இங்கே முதல் வரிசை தூங்கியிருக்கிறது. ஒரே ஒரு ஆள் கேட்டால் போதும் என்று பேச்சு. காசியம்மா கேட்டுவிட்டார்தான், ஆனால் இதைக் கணக்கில் சேர்ப்பார்களா? அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதற்காகச் சந்தோஷப்படுகிறோம் என்பதுதான் விளங்கவில்லை.

ஒரு தாய் அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொண்டு, “பொட்டிய இப்புடித் திருப்பி வைங்கண்ணே” என்று துணியைக் காட்டினாள். பஞ்சநாதன் கிட்டாரோடு கீழே இறங்கினார். பீரோவின் ஒரு பக்கத்தில் கைகொடுத்துத் தம் பிடித்துப் பார்த்தார். மணலில் அடிப்பாகம் புதைந்துபோய்ப் பெட்டி அசைய மறுத்தது. மேடையில் ஆர்மோனியம் வெறுமனே ஒருதரம் மூச்சுவிட்டு அடங்கியது. சோமசேகரன் இறங்கி வந்தார். வேன் பேச்சையே எடுக்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தார்.