சுவரில் ஒட்டிய விஷம்

எட்டாவது வரைதான் படித்தான். ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை. அங்கே எல்லோருக்கும் அவன் ‘சோப்பு’. பதினோரு வருடத்தில் அவன் கழுவிய ஒரு பாத்திரம்கூட அழுக்கு என்று திரும்பி வந்ததில்லை.

தொழிற்சாலை ரசாயனத்தைத் தண்ணீரில் கலந்து, அதில் கடுகளவு நீர்ப்பூச்சிகளை விட்டு, இரண்டு நாளில் எத்தனை அசைவற்றுப் போகின்றன என்று எண்ணுவது அந்த ஆய்வகத்தின் வேலை. புதிதாக வந்தது தண்ணீரில் எளிதில் கரையாத ஒரு பிசுக்கு. எவ்வளவு கலந்தும் பூச்சிகள் துள்ளிக்கொண்டே இருந்தன. ‘தீங்கற்றது’ என்று அறிக்கை தயாரானது.

ஆனால் அந்தச் சோதனையின் பன்னிரண்டு பாத்திரங்களை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் வழிந்து ஓடாமல் முத்து முத்தாக நின்றது. சரியாகக் கழுவவில்லை என்று சோதனைப் பிரிவு மேடம் அவன்மேல் புகார் எழுதிவிட்டார். உறுதியானால் வேலை போய்விடும்.

“வீட்டுல ஒரு டம்ளர் கழுவுனதில்ல, புகார் வராம என்ன செய்யும்?” என்றாள் அக்கா.

“கிண்டல் பண்ணாதக்கா. மத்ததெல்லாம் பளிச்சுனு இருக்கு. இந்தப் பன்னண்டு மட்டும்தான் இப்படி.”

சொல்லும்போதே அவனுக்குப் பொறி தட்டியது. பிசுக்கு பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருந்தால், பூச்சி நீந்திய தண்ணீரில் என்ன இருந்தது?

மறுநாள் தலைமை அதிகாரியிடம் அதையே கேட்டான்.

“கழுவுறத ஒழுங்கா கழுவுங்க. ஆராய்ச்சிய நாங்க பாத்துக்கறோம்” என்றார் மேடம்.

“அளந்து பாத்துடுவோமே. ஒரு நாள் வேலைதான” என்றார் அதிகாரி.

அதே பிசுக்கை வைத்து அன்று முடிந்த மறுசோதனையின் பாத்திரங்களைக் கழுவாமல் வைத்தார்கள். தண்ணீரைத் தனியாக அளந்தார்கள். சுவரைக் கரைப்பானால் அலசி அதையும் அளந்தார்கள். போட்டது நூறு பங்கு. தண்ணீரில் மூன்று, சுவரில் எண்பத்தெட்டு. மீதி ஒன்பது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

சோதனை முதலிலிருந்து தொடங்கியது. ரசாயனத்தைத் தண்ணீரில் இரண்டு நாள் மெதுவாகக் கலக்கி, பாத்திரத்தின் அடியிலிருந்த குழாய் வழியே தெளிந்த நீரை மட்டும் எடுத்து, அதில் பூச்சிகளை விட்டார்கள். காலையும் மாலையும் நீரை மாற்றி, மாற்றும்போதெல்லாம் அளந்தார்கள். இரண்டாம் நாள் இருபது பூச்சிகளில் பத்தொன்பது அடியில் கிடந்தன. ‘தீங்கற்றது’ குப்பைக்கூடைக்குப் போனது.

மேடம் கழுவும் அறைக்கே வந்து புகாரைக் கிழித்தார்.

“நீங்க கழுவுனது சரிதான். நான்தான் சுவத்தப் பாக்கல.”

“நான் தினமும் அதத்தானே மேடம் பாக்கறேன்.”

கரையாத ரசாயனம் எது வந்தாலும் கழுவும் முன் சுவரையும் அளக்க வேண்டும் என்று ஆய்வகத்தின் விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்தது. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் முதல் கையெழுத்து அவனுடையது. ஒவ்வோர் எழுத்தும் முழுசாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிறது.