அறுபடாத சாம்பல்

தாராவியில் எங்கள் பக்கத்துக் குடிசைக்காரர் இசக்கி அண்ணாச்சிக்கு மண் வெட்டுவதுதான் பிழைப்பு. அறுபத்து நாலாம் வருஷக் குளிர்காலத்தில், புதைந்துபோன பழைய ஊர் ஒன்றைத் தோண்டுவதற்கு ஏதோ கல்லூரிக்காரர்கள் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். போனார். திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார்.

"வீடு கட்டக் கம்பு நட்டிருக்கான்டே. கம்பு மக்கிப் போயி ரெண்டாயிரம் வருஷம். நட்ட குழி மட்டும் கறுப்பு வட்டமா வரிசையா அப்படியே இருக்கு!"

டீக்கடையில் எல்லாரும் சிரிப்போம். எனக்கு எரிச்சல்கூட வரும். போயும் போயும் குழியை ஒரு மனுஷன் இப்படிக் கொண்டாடுவானா?

அதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது அந்தக் கல்லூரிக்காரர்களோடு மாட்டுங்காவிலிருந்து வந்த ஷ்யாமளா டீச்சராம். ஒரு தரம் வெட்டி மூடின மண் எத்தனை காலமானாலும் பழையபடி ஆகாது, நிறம் காட்டிக் கொடுத்துவிடும். அதன் மேல் படிந்த அடுக்கு அறுபடாமல் கிடந்தால், பிறகு யாரும் அங்கே கைவைக்கவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் விஷயம்.

அண்ணாச்சி சம்சாரம் முப்பிடாதி மதினிக்கு முதல் பிள்ளை பிறந்த மாசமே போய்விட்டது. பச்சைப் பிள்ளையை எரிக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அப்போது தாராவி பாதி சதுப்பு. தோல் கிடங்குச் சுவர் மூலையில் அண்ணாச்சியே குழி வெட்டிப் புதைத்து, மேலே அடுப்புச் சாம்பலைப் பரப்பி மிதித்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி அந்தப் பக்கம் நாய்கள் விடாமல் குரைத்தன. 'பிள்ளைய நாய் தோண்டிட்டுது' என்று மதினி மனதில் விழுந்தது, விழுந்ததுதான். அதற்குப் பிறகு மூன்று பெற்று வளர்த்தும், நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அந்த மூலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். பதினைந்து வருஷம் இப்படியே.

அண்ணாச்சி பழைய ஊர் தோண்டிவிட்டு வந்த மறு வருஷம் அந்தச் சுவரோரம் சாக்கடை வெட்ட வந்தார்கள். மூலையை வெட்டும் வேலையைத் தனக்கென்று கேட்டு வாங்கினார் அண்ணாச்சி. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கொத்தனார் கரண்டியால் பள்ளத்தின் பக்கவாட்டைச் சீவிக்கொண்டே வந்தார். மேலே செங்கல் கழிவு, அதற்குக் கீழே தோல் துண்டுகள். திடீரென்று கை நின்றுவிட்டது.

நானும் இறங்கிப் பார்த்தேன். கருஞ்சேற்றில் வெளிறின மண் ஒரு கூடை அளவுக்குத் தனியாகத் தெரிந்தது. ஓரம் வெட்டின மேனிக்கு நேராக இருந்தது. அதன் மேல் மெல்லிய சாம்பல் கோடு. அன்றைக்கு ஒரு மனுஷன் அழுதுகொண்டே செய்த வேலையை மண் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது!

அதற்கு மேல் அவர் தோண்டவில்லை. ஓடிப் போய் மதினியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் பாக்க மாட்டேன். விடுங்க."

"ஏளா, இது நான் பரப்பின சாம்பல். நாய் கால் வச்சிருந்தா கலைஞ்சிருக்கும்லா? எங்கயாவது அறுந்திருக்கா, நீயே பாரு."

மதினி பள்ளத்தில் இறங்கினாள். சாம்பல் கோட்டில் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகக் கொண்டுபோனாள். திரும்பவும் கொண்டுவந்தாள். எங்கேயும் அறுபடவில்லை. அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மேஸ்திரி கத்தக் கத்த, அண்ணாச்சி சாக்கடையை அந்த இடத்தில் வளைத்து வெட்டினார்.

மறுநாள் காலை குழாயடியில் என் சம்சாரம் புலம்பிக்கொண்டிருந்தாள்: "பாழாய்ப்போன நாய்ங்க, ராத்திரி பூரா ஒரே குரைப்பு. கண்ணை மூட முடியலை மதினி."

முப்பிடாதி மதினி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்: "அப்படியா? எனக்குக் கேக்கலையே."