பேச்சியின் விரதம்

ஸ்ரீவைகுண்டத்துப் பேச்சிச்செல்வி பந்தைத் தொட்டால் கோல்தான் என்று தூத்துக்குடிக் கால்பந்து மைதானங்களில் பேச்சு. ஆட்டத்தன்று காலையில் அவள் படும் பாடு யாருக்குத் தெரியும்? ஒரு விள்ளல் இட்லிகூடத் தொண்டைக்குக் கீழே இறங்காது. எல்லாம் பயம். சொல்லவும் வெட்கம்.

ஒருநாள் கல்லூரி விடுதியில் கோல்கீப்பர் ஜெமிமா கேட்டேவிட்டாள். "என்னக்கா, தட்டை அப்படியே வச்சிருக்கிய?"

"முப்பிடாதி அம்மனுக்கு விரதம்ளா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள் பேச்சி. அன்றைக்கென்று பார்த்து மூன்று கோல் போட்டாள். போதாதா? அத்தனையும் விரதத்தின் பலன் என்று அணியே நம்பிவிட்டது. பயந்தாங்கொள்ளி என்பதைவிடப் பக்திக்காரி என்ற பேர் சுகமாகத்தான் இருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு மாநில அணியின் தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். ஜெமிமாவுக்கு இடம் உறுதி என்று கோச் அற்புதமணி சொல்லியிருந்தார். பேச்சி போன வருடமே வயது வரம்பைத் தாண்டிவிட்டாள்; ஜெமிமாவுக்கு இதுதான் கடைசி வருடம்.

அன்று காலை விடுதியில் ஒரு பிள்ளையும் சாப்பிடவில்லை. "நீங்க மட்டும் எதுக்குக் கெடந்து கஷ்டப்படணும்? நாங்களும் விரதம்" என்றாள் ஜெமிமா. நாசரேத்துக்காரி, ஞாயிறு ஆராதனைக்குத் தவறாதவள்.

பேச்சிக்குப் பகீரென்றது. "வேண்டாம்ளா, சாப்பிடுங்க" என்று கெஞ்சினாள். உண்மையை மட்டும் சொல்லவில்லை. பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

துறைமுகத்துக்குப் பக்கத்து மைதானத்தில் வெயில் கொளுத்தியது. பேச்சிக்கு வெறும் வயிறு பழக்கம்; மற்றவர்களுக்கு இல்லை. இரண்டாம் பாதியில் ஒவ்வொருத்திக்கும் கால் பின்னியது. மெதுவாக உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்த ஜெமிமா அப்படியே சரிந்தாள். பந்து கோலுக்குள் போனது. தேர்வாளர்கள் வேறு பெயரை எழுதிக்கொண்டு கிளம்பினார்கள்.

வேப்பமர நிழலில் படுத்திருந்த ஜெமிமாவின் வாயில் குளுக்கோஸ் தண்ணீரை ஊற்றினாள் பேச்சி.

"அக்கா, தாகம் தாங்காம காலைல ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சிட்டேன். அதான் அம்மனுக்குக் கோவம் வந்துட்டோ?"

பேச்சிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஏளா, விரதமே கெடையாதுளா! பயத்துல சோறு எறங்காது எனக்கு. அதை மறைக்கப் பொய் சொன்னேன்."

ஜெமிமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையத் தேத்துததுக்காக இப்படிச் சொல்லாதியக்கா. சாமி குத்தம்."