ஜோதிலட்சுமி வெளியே வரக் கூடாது

ஓய்வுபெற்ற டீச்சர் ரத்தினபாய் கீழ்க்கட்டளை வீட்டை விற்கப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமியின் மாடித் தண்ணீர் மழைக்கு மழை இவர் வாசலில்தான் கொட்டும். விவகாரம் போலீஸ் ஸ்டேஷன் வரை போய், இருவருக்கும் பேச்சே நின்றுவிட்டது. வீடு பார்க்க வந்த மகேஷிடம் அதை அவர் சொல்லவில்லை.

'இயேசப்பா, இவர் கிளம்புற வரைக்கும் அவ வெளியே வரக் கூடாது.' ரத்தினபாயின் கண் பக்கத்து வீட்டு வாசலிலேயே இருந்தது.

வந்தேவிட்டாள்.

"அக்கம்பக்கமெல்லாம் எப்படிங்க?" மகேஷ் அவளையே கேட்டார்.

"டீச்சர் தங்கமானவங்க சார். எங்களுக்குள்ள ஒரு சண்டை வந்ததில்ல."

டீச்சர் வீட்டை விற்றுப் போய்த் தொலைந்தால் போதும் என்ற சிரிப்பு அவள் முகத்தில்.

தப்பித்தோம் என்று ரத்தினபாய் சும்மா இருந்திருக்கலாம். பற்றிக்கொண்டு வந்தது.

"பொய் சொல்றா சார்! அந்தப் பைப்பு எங்க பார்த்து இருக்குன்னு பாருங்க!"